படுத்திருக்கிறவங்ககிட்ட மிஷின்தான் போகணும்

இணையத்துல சுத்தற அந்தப் போட்டோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. முதியோர் இல்லத்துல இருந்து கொண்டு வந்து, எக்ஸ்ரே ரூம் வாசல்ல, ஸ்ட்ரெச்சர்ல ஒருக்களிச்சுக் கிடக்கிற அந்த அம்மாயி. கமெண்ட்டுல பாதிப்பேர் முதியோர் இல்லத்தைத் திட்டறாங்க, மீதிப்பேர் பெத்த புள்ளைங்களைத் திட்டறாங்க. அவங்களுக்கு எடுக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு நெஞ்சு எக்ஸ்ரே. அதைக் கட்டில்லயே எடுத்திருக்கலாமேன்னு ஒருத்தரும் கேக்கலைங்க.

ஒரு எக்ஸ்ரேவுக்கு ஒரு ஆளை எத்தனை தடவை தூக்கறோம்னு பாருங்க. கட்டில்ல இருந்து ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர், அங்கிருந்து ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர், அப்புறம் எக்ஸ்ரே டேபிள், திரும்ப அதே வழி. மொத்தம் ஆறு தடவை. எலும்பு தேய்ஞ்ச உடம்பு, முதுகுல படுக்கைப்புண். காலைல இன்சுலின் போட்டுட்டு சாப்பிடாம வரிசைல கிடந்தா சுகர் கீழ போயிடும். மறதி நோய் இருக்கிறவங்க புது இடத்தைப் பார்த்ததும் மிரண்டு போவாங்க, திரும்பி வந்தும் ரெண்டு மூணு நாளைக்குத் தூங்க மாட்டாங்க. இவ்வளவும் ஒரு படத்துக்காக. படுத்த படுக்கையா இருக்கிறவங்ககிட்ட மிஷின்தான் போகணும்.

கட்டில்ல எடுக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லைங்க. தலைமாட்டை முடிஞ்ச அளவு நிமித்தணும். படம் பதியற 14-க்கு 17 இஞ்ச் பிளேட்டை பிளாஸ்டிக் கவர்ல போட்டு, ரெண்டு பேர் புரட்டிப் பிடிக்க, முதுகுக்குக் கீழ நுழைக்கணும். தாலிக்கொடி, ஊக்கு, காத்து மெத்தையோட ட்யூப் எல்லாம் படத்துல விழும், முன்னாடியே ஒதுக்கிடணும். மிஷின்ல கதிர் வர்ற எக்ஸ்ரே ட்யூபை 100 செ.மீ. தூரத்துல வைக்கணும். மூச்சை இழுத்துப் பிடிங்கன்னா அவங்களால முடியாது. வயிறு ஏறறதைப் பார்த்து, அந்த நொடில பட்டனை அமுக்கணும். பழைய மிஷினுக்கு 15 ஆம்பியர் பிளக் வேணும், இப்ப வர்ற பேட்டரி மிஷினுக்கு அதுவும் வேண்டாம். கோயமுத்தூர்ல வீட்டுக்கே வந்து எடுக்கிறவங்க இருக்காங்க. இல்லம் நடத்தறவங்கள்ல பலபேருக்கு இது தெரியாது. தெரிஞ்சவங்களும் எதுக்கு வம்புன்னு 108-க்குப் போன் போடறாங்க.

"ரேடியேஷன் பக்கத்துக் கட்டிலுக்கும் போகுமே?" ஒரு நெஞ்சு எக்ஸ்ரேவோட கதிர்வீச்சு அளவு சுமார் 0.02-ல இருந்து 0.1 மில்லிசீவர்ட். இயற்கையிலயே உலகத்துல ஒரு ஆளுக்கு வருசத்துக்கு சராசரியா 2.4 மில்லிசீவர்ட் வருது. நேர்க்கதிர் விழாத பக்கமா 2 மீட்டர் தள்ளி நின்னா படறது அதுல துளி. எடுக்கிறவர் ஈய ஏப்ரன் போட்டிருக்கணும், மிஷின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தோட இ-லோராங்கற இணையதளத்துல பதிவாகியிருக்கணும். இந்த ரெண்டையும் கேளுங்க. அதுக்கு மேல பயப்பட ஒண்ணுமில்ல.

"படம் தெளிவா வராது"ங்கறதுல உண்மை இருக்கு, ஒத்துக்கறேன். முன்பக்கமிருந்து எடுக்கறதால இதயம் பெருசாத் தெரியும். மல்லாக்கப் படுத்து எடுத்தா நெஞ்சுல கட்டின தண்ணி கீழ பரவி, வெறும் மங்கலாத்தான் தெரியும். அதனாலதான் படுத்து எடுத்ததா உட்கார்ந்து எடுத்ததான்னு படத்துலயே குறிக்கணும்னு சொல்றது. தண்டுவடத்துக்கு இது பத்தாது, தலைல அடிபட்டா சி.டி.க்குப் போய்த்தான் ஆகணும். ஆனா நிமோனியாவா, இடுப்பு உடைஞ்சிருக்கா, மூக்கு வழியா கஞ்சி ஊத்தற ரைல்ஸ் ட்யூப் வயித்துல இருக்கா நுரையீரலுக்குள்ள போயிருக்கா, இதெல்லாம் பார்க்கலாம். ட்யூபை மாத்திட்டு படம் பார்க்காம கஞ்சி ஊத்தறது எவ்வளவு ஆபத்துன்னு நர்சுங்களைக் கேளுங்க.

செலவா? ஆம்புலன்ஸ் வாடகை, கூடப்போற ஆள் கூலி எல்லாம் கூட்டிப் பாருங்க.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கதை வேற. கருவுல ஆணா பொண்ணான்னு பார்க்கறதைத் தடுக்கிற 1994 சட்டப்படி அந்த ஸ்கேன் மிஷினைப் பதிவு பண்ணின இடத்தை விட்டு நினைச்சபடி வெளிய கொண்டு போக முடியாது, நடமாடும் மருத்துவ வண்டிக்கு மட்டும்தான் நிபந்தனையோட வழி இருக்கு. அந்தச் சட்டம் ஏன் வந்துச்சுன்னு 1992-ல தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கின சேலத்துப் பக்கம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. அதைத் தளர்த்துங்கன்னு நான் கேக்கவே மாட்டேன். அந்த நடமாடும் வண்டியை முதியோர் இல்லத்துக்கும் அனுப்புங்கன்னுதான் கேக்கறேன். காசநோய் முகாமுக்கு கைல தூக்கிட்டுப் போற எக்ஸ்ரே மிஷின் ஊர் ஊராப் போகுது. 2021-ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசல்ல பிரஷர், சுகர் பார்க்குது, மாத்திரை தருது. மாசம் ஒருநாள் அந்த எக்ஸ்ரே மிஷினை இல்லங்களுக்கும் திருப்பி விட்டா என்ன?

கடைசியா அந்தப் போட்டோவுக்குக் கீழ வந்த ஒரு கமெண்ட். "85 வயசுக்கு எக்ஸ்ரே எடுத்து இனி என்ன பண்ணப் போறாங்க?" நாப்பது லைக் அதுக்கு. மனசு ஆறலைங்க. கீழ விழுந்த மறுநாள் ஒரு கால் குட்டையா, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தா அது இடுப்பு எலும்பு உடைஞ்சதுக்கு அடையாளம். படம் இல்லாம "வாயுப் பிடிப்பு"ன்னு தைலம் தேய்ச்சுட்டே இருப்பாங்க. டயப்பர் மாத்த காலை விலக்கும்போதெல்லாம் அவங்க அலறுவாங்க. ஆபரேஷன் வேண்டாம்னே முடிவு பண்ணினாலும், உடைஞ்சிருக்குன்னு தெரிஞ்சாத்தானே அதுக்கேத்த வலி ஊசி போட முடியும், காலை அசைக்காமப் புரட்ட முடியும்? அந்த அம்மாயி வயசுல வலி குறைச்சலா இருக்கும்னு யார் உங்களுக்குச் சொன்னது? அந்த மாதிரி ஒரு வரியை இனி என் பதிவுக்குக் கீழ எழுதாதீங்க.