பிழை அந்தப் பெண்ணுடையது இல்லை

அரசு ஆசிரியர் பணிக்கான சான்றிதழ் சரிபார்ப்பில், பட்டம் செல்லாது என்று சொல்லப்பட்ட ஒரு பெண்ணின் காணொளி பரவிக்கொண்டிருக்கிறது. இரண்டு நாளாக அதற்குக் கீழே எழுதப்படுவதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்து, ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி அழுதுகொண்டே வெளியே வருகிறாள். “எம்.எஸ்சி. வரை படிச்சவளுக்குத் தன் பட்டம் செல்லுமான்னுகூடத் தெரியாதா?” என்று ஒருவர் கேட்கிறார். அதற்கு எத்தனை லைக்குகள்!

தெரியாது. பதினேழு வயதில் கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியது அந்தப் படிப்புக்குப் பெயர் வைத்தவர்களுக்கு.

முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும். இளநிலைப் பட்டத்தில் தாவரவியல் என்று இருந்தால் சிக்கல் இல்லை. “பிளாண்ட் பயாலஜி அண்ட் பிளாண்ட் பயோடெக்னாலஜி” என்று இருந்தால், இதுவும் தாவரவியலும் ஒன்றுதான் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணையைக் காட்டச் சொல்வார்கள். பாசி, பூஞ்சை, வகைப்பாட்டியல், உள்ளமைப்பியல் என்று ஆறு செமஸ்டரும் தாவரவியலையே படித்திருந்தாலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பார்ப்பது பட்டத்தில் அச்சாகியிருக்கும் வரியைத்தான். அவரைக் குறை சொல்லவும் முடியாது. பாடத்திட்டத்தை எடைபோடும் அதிகாரம் அவருக்கு இல்லை.

அந்த வரியை யார் எழுதுகிறார்கள்? பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். என்ற பகுதி பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2014இல் வெளியிட்ட பட்டியலுக்குள் இருந்தாக வேண்டும். அதை அடுத்து வரும் பாடப்பெயரை முடிவு செய்வது பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு. தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் அந்தக் கல்லூரியின் குழுவே. தாவரவியலுக்கு ஆள் சேரவில்லை, விலங்கியலுக்கு ஆள் சேரவில்லை என்றதும் பெயரில் ஒரு ‘பயோடெக்னாலஜி’ ஏறுகிறது. ஒரே பி.காம்., கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ், அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ், பேங்க் மேனேஜ்மெண்ட், கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப் என்று கிளை விட்டுப் போகிறது. பெயரை மாற்றுகிற கூட்டத்திலேயே இணைத்தன்மைக்கான கோப்பையும் தொடங்கினால் என்ன? பெயர் வைத்தவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. பழி மட்டும் அந்தப் பெண் தலையில்.

“அரசாணை வாங்கிக்கொண்டு போயிருக்கலாமே” என்கிறவர்களுக்கு அந்த வழி எப்படி இருக்கும் என்று தெரியுமா? பல்கலைக்கழகம் சான்றளித்த முழுப் பாடத்திட்டத்தோடு தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். வல்லுநர் குழு தாள்தாளாக ஒப்பிட்டுப் பரிந்துரைக்க வேண்டும். பிறகு உயர்கல்வித் துறை ஆணை வெளியிட வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டி.என்.பி.எஸ்.சி.) விதியைப் பாருங்கள். ஆணை, வேலைவாய்ப்பு அறிவிக்கை வெளியாகும் நாளுக்குள் வந்திருக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் அந்தத் தேர்வுக்கு அது உதவாது. இன்னொன்றும் இருக்கிறது. ஆணை பல்கலைக்கழகம் வாரியாகத்தான் வரும். பக்கத்து மாவட்டப் பல்கலைக்கழகத்தின் இதே பெயர்ப் படிப்புக்கு ஆணை இருந்தால் உங்கள் பட்டத்துக்கும் அது பொருந்திவிடாது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

“அரசு வேலை கிடைக்கத்தான் படிக்கிறார்களா? புதுப் படிப்புகளே வேண்டாமா?” வேண்டும். விஷுவல் கம்யூனிகேஷன் போன்ற புதுத் துறைகள் வந்ததில் எனக்கு முழுச் சம்மதம். உள்ளே இருப்பது புதிதாக இருந்தால் பெயரும் புதிதாக இருக்கட்டும். பழைய பாடத்துக்குப் புதுப்பெயர் சூட்டி, அதன் விளைவை மாணவர் தலையில் கட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிறவர்களிடம் “அரசு வேலையை ஏன் நம்பினாய்” என்று கேட்காதீர்கள். அவர்களுடைய பெற்றோருக்குத் தெரிந்த ஒரே உறுதி அதுதான்.

இப்போது சேரப் போகிறவர்கள் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்: விளம்பரத்தில் இருக்கும் பெயரும் படிப்பை நடத்தக் கல்லூரிக்கு அனுமதி தரும் பல்கலைக்கழகத்தின் இணைவு ஆணையில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா? பட்டச் சான்றிதழில் எந்தப் பெயர் அச்சாகும்? தாவரவியல் போன்ற தாய்ப்பாடத்துக்கு இணை என்றால் அரசாணை எண் என்ன, தேதி என்ன, எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் இருக்கிறது? “எல்லாம் இருக்கு, சேருங்க” என்று வாயால் சொன்னால் போதாது, நகல் கேளுங்கள். ஏற்கெனவே முடித்தவர்கள் அறிவிக்கை வரட்டும் என்று காத்திருக்காமல் இன்றே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். அப்போதைய பாடத்திட்டம்தான் தேவை, இப்போது நடப்பில் இருப்பது அல்ல. நீங்கள் சேர்ந்த ஆண்டைக் குறிப்பிட்டுச் சான்றொப்பத்தோடு வாங்குங்கள்.

“கல்லூரி ஆசிரியர்களாகிய நீங்களே சொல்லியிருக்கலாமே” என்று ஒருவர் கேட்டிருந்தார். வந்த பின்னூட்டங்களிலேயே நியாயமானது அது ஒன்றுதான். சொல்லவில்லை. சேர்க்கை மேசையில் உட்காரும்போது இடம் நிரம்புகிறதா என்றுதான் எங்களைக் கேட்கிறார்கள், நாங்களும் அதையேதான் பார்க்கிறோம். மூன்று ஆண்டு வகுப்பெடுத்தும் அந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் அழுகையில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. அதனால்தான் உங்கள் கேலி எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

அந்தக் காணொளியைப் பகிர்ந்திருந்தால் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். அவள் முகம் நன்றாகத் தெரிகிறது.