பெரெகோண்டைப் படத்திலிருந்து ஏன் தூக்கினார்கள்?

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்கள் மூன்றும் எனக்கு உயிர். ஆனால் 2003இல் வந்த மூன்றாம் பாகத்தில், மூல நாவலில் வரும் பெரெகோண்ட் என்ற பாத்திரத்தையே தூக்கிவிட்டதை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை.

படம் மட்டும் பார்த்தவர்களுக்குச் சொல்கிறேன். பெரெகோண்ட் மினாஸ் திரித் கோட்டையில் ஒரு காவல்காரன். பசியோடு வந்த குள்ள மனிதன் பிப்பினைக் கூட்டிப்போய், ரொட்டி, வெண்ணெய், குளிர்காலச் சேமிப்பில் மிஞ்சிச் சுருங்கிப்போன ஆப்பிள் எல்லாம் வாங்கி, மதில்மேல் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுகிறவன். பத்து வயதில் ஒரு மகன். அவ்வளவுதான் ஆள்.

அப்புறம் நகரத்தை ஆளும் டெனதோர் புத்தி பேதலித்து, காய்ச்சலில் கிடக்கும் மகன் ஃபாரமிரை உயிரோடு எரிக்கத் துணிகிறான். பிப்பின் ஓடிவந்து பெரெகோண்டிடம் சொல்கிறான். உத்தரவில்லாமல் காவலை விட்டு நகர்ந்தால் தலை போய்விடும். தெரிந்தேதான் போகிறான். மந்திரவாதி கண்டால்ஃப் வந்து சேரும்போது மேல்படியில் ஒற்றை ஆளாக வாசலை மறித்து நிற்கிறான். எதிரே வாளும் தீப்பந்தமுமாக டெனதோரின் ஆட்கள். இரண்டு பேர் ஏற்கெனவே விழுந்துவிட்டார்கள். விழுந்தவர்கள் சொந்த ஊர்க்காரர்கள், எசமான் சொன்னதைச் செய்தவர்கள். அந்தக் கனம் படத்தில் எங்கே? கண்டால்ஃப் குதிரையில் வருகிறார், வேலை முடிகிறது.

திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது கூடுதலாகவே உறுத்தும். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் முத்துப்பட்டன் யார்? மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய் உயிரை விட்டவன். இன்றைக்கும் அவனுக்குத் தோல் செருப்பு நேர்ந்து கொண்டுவந்து வைக்கிறார்கள். அவன் மனைவிகள் பொம்மக்கா, திம்மக்கா கதையும் அவன் கதையோடு சேர்ந்தேதான் பாடப்படுகிறது. காவல் நின்றவனை விட்டுவிட்டு ராஜாவை மட்டும் பாடினால் நம்ம ஊரில் கொடை நடக்காது.

1955இல் வந்த டோல்கீனின் மூல நாவலில், புது ராஜாவாக முடிசூடிய அரகார்ன் முன்னால் பெரெகோண்டைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். மரண தண்டனை இல்லை என்கிறான் அரகார்ன். ஆனால் காவற்படையையும் நகரத்தையும் விட்டுப் போய்விட வேண்டும். பெரெகோண்டுக்கு முகமே வெளுத்துப்போகிறது. அதற்குப் பிறகுதான் மீதியைச் சொல்கிறான்: இனி ஃபாரமிரின் காவற்படைக்கு நீதான் தலைவன், எமின் ஆர்னன் மலைப்பகுதியில் அவனோடு இரு. சட்டத்தையும் விடவில்லை, மனுஷனையும் விடவில்லை. முடிசூட்டு விழாவுக்கு அத்தனை நேரம் கொடுத்தவர்கள் இதற்கு இரண்டு நிமிடம் கொடுத்திருக்கலாம். அரகார்ன் எப்பேர்ப்பட்ட ராஜா என்று காட்ட இதைவிட நல்ல இடம் அந்தக் கதையில் கிடையாது.