கோப்பு அழியவில்லை, வழிதான் மாறுகிறது
விண்டோஸின் பூட் அமைப்பை மாற்ற உதவும் கட்டளைக் கருவி பிசிடிஎடிட் (bcdedit). "ஸ்கிரிப்டிலிருந்து பிசிடிஎடிட் ஓடாமல் 'கோப்பு இல்லை' என்று வந்தால் வைரஸ் வேலை, விண்டோஸை மறுபடி போடுங்கள்" என்று சிலர் சொல்வது தவறு. 64 பிட் விண்டோஸில் 32 பிட் நிரல் ஒன்று (உங்கள் ஸ்கிரிப்டை ஓட்டுவதும் அப்படி ஒன்றாக இருக்கலாம்) சிஸ்டம்32 கோப்புறையைக் கேட்டால், விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் 32 பிட் கோப்புகள் இருக்கும் சிஸ்வாவ்64 (SysWOW64) கோப்புறைக்குத் திருப்பிவிடும். பிசிடிஎடிட் அங்கே கிடையாது. வேலூரின் ஒரு கோடியில் காட்பாடிக்கு டிக்கெட் எடுத்தவரை மறுகோடியில் பாகாயத்தில் இறக்கிவிட்ட கதைதான்.

சத்துவாச்சாரியில் ஒரு கடையின் பில்லிங் கணினியை இதற்காக நானே ஃபார்மேட் செய்திருக்கிறேன். பிழை அப்படியே நின்றது. அப்புறம் ஸ்கிரிப்டில் கோப்பின் பாதையில் சிஸ்டம்32 இருந்த இடத்தில் சிஸ்நேட்டிவ் (Sysnative) என்று மாற்றினேன், சரியாகிவிட்டது; 32 பிட் நிரலை உண்மையான சிஸ்டம்32-க்கே கொண்டுபோகும் மாற்றுப்பெயர் அது. அதை எக்ஸ்ப்ளோரரில் தேடாதீர்கள், கண்ணில் படாது. ஸ்கிரிப்டை 64 பிட்டில் ஓட்டுபவர்களுக்கு அது தேவையும் இல்லை, வேலையும் செய்யாது. அட்மின் உரிமை இல்லாமல் வரும் பிழை தனிக் கதை.