அமைதிப்படையை யார் திரும்ப அழைத்தது?

“ராஜீவ் கடைசிவரை படையை வாபஸ் வாங்க மறுத்தார், வி.பி.சிங் வந்து ஒரே கையெழுத்தில் முடித்தார்” என்று, 1987-ல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையைப் பற்றிய உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. வி.பி.சிங் பிரதமராகப் பதவியேற்றது 1989 டிசம்பர் 2. அதற்கு முன்பே படை கிளம்ப ஆரம்பித்துவிட்டது.

1989 ஜூன் 1 அன்று இலங்கை அதிபர் பிரேமதாசா பத்தரமுல்லையில் ஒரு விகாரை நிகழ்ச்சியில் பேசும்போது, ஜூலை 29-க்குள் இந்தியப் படை வெளியேற வேண்டும் என்றார். படை போகக் காரணமான இந்திய-இலங்கை ஒப்பந்தம் போட்டு சரியாக இரண்டு வருஷம் முடிகிற நாள் அது! டெல்லியிடம் முன்கூட்டிக் கலந்து பேசாமல் கெடு விதித்ததுதான் ராஜீவுக்கு எரிச்சல். ‘நீ சொல்கிற தேதிக்கெல்லாம் ஆட முடியாது’ என்பதுதான் அவர் நிலை. ‘போகவே மாட்டேன்’ என்பது வேறு. கடைசியில் ஜூலை 29 அன்றே ஒப்புக்கு ஒரு பகுதியைக் கப்பல் ஏற்றினார்கள். செப்டம்பர் 18 அன்று கொழும்பில் கையெழுத்தான உடன்பாட்டில், டிசம்பர் 31-க்குள் முழு வாபஸுக்கு முயற்சி செய்வதாக இருந்தது. கையெழுத்துப் போட்டது ராஜீவ் அரசுதான்.

வி.பி.சிங் செய்தது, இழுத்துக்கொண்டிருந்ததை முடித்தது. கடைசி அணி 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து புறப்பட்டது. சென்னையில் வரவேற்கக் கலைஞர் போகவில்லை என்று நீங்கள் எழுதியது மட்டும் உண்மை.

ராஜீவ் படையை அனுப்பியது தப்பு என்று வாதாடுங்கள், நானும் கூட வருகிறேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜவான்கள் செத்தார்கள், அங்கே பொதுமக்கள் பட்டது தனிக்கதை. அதற்காகத் தேதியை மாற்ற வேண்டியதில்லை.