"அந்த வாழ்க்கை வரவே வேணாம் தம்பி"

போன ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசம். சாப்பாடு முடிந்து எல்லாரும் பாயில் சாய்ந்திருந்த நேரத்தில் சித்தப்பா பெரம்பூர் வீட்டுப் பேச்சை எடுத்தார். ஒரே வாசல், ஆறு குடித்தனம். ஒரு வீட்டில் மீன் குழம்பு வைத்தால் ஆறு வீட்டுக்கும் கிண்ணம் போகும், யார் வீட்டுப் பிள்ளை யார் வீட்டில் தூங்குகிறது என்றே தெரியாது, வாசல் கதவை ராத்திரியில்கூடப் பூட்டினதே கிடையாது. சொன்னது அத்தனையும் உண்மை, நானே பார்த்திருக்கிறேன். "அந்த வாழ்க்கை இனிமே வருமா அண்ணி?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, நிமிராமல், "வரவே வேணாம் தம்பி" என்றார்.

ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அம்மாவும் சிரிப்புக்குச் சொல்லவில்லை. ஒரு வாரமாக அந்த ஒரு வரியே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு பேப்பர் மில்ஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. 2006 வரை அங்கேதான் இருந்தோம். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. பின்பக்கம் ஆறு வீட்டுக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ், ஒரு துவைக்கிற கல். வாசல் பக்கம், படியை ஒட்டி, ஒரு அடிபம்பு. ஊரில் இருக்கிற போர் பம்பு மாதிரி இல்லை இது. தெருவுக்கு அடியில் போகிற மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியக் குழாயில் இருந்து வீட்டுக்குள் வரும் இணைப்பின் மேலேயே பம்பை வைத்திருப்பார்கள். குழாயில் தண்ணீர் இருக்கும், ஆனால் தானாக மேலே ஏறி வருகிற வேகம் இருக்காது, அடித்துத்தான் இழுக்க வேண்டும். சென்னையில் பழைய வீடுகளில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை.

புழல் ஏரித் தண்ணீர் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்கு வந்து, சுத்தமாகி, ஊருக்குள் போகும். 1914-இல் தொடங்கிய ஏற்பாடு அது. கீழ்ப்பாக்கம் எங்களுக்குப் பக்கம்தான். ஆனாலும் பகலில் எங்கள் சந்துக்கு ஒரு சொட்டு வராது. ஊர் அடங்கி, மற்ற தெருக்களில் பிடிப்பது குறைந்த பிறகு, ராத்திரி இரண்டு இரண்டரைக்குத்தான் வரும். சில நாள் ஒரு மணி நேரம் இருக்கும், சில நாள் அரை மணியில் நின்றுவிடும்.

அந்தப் பம்பை எப்படி அடிப்பது என்று சொல்கிறேன். உள்ளே ஒரு தோல் வாசர் இருக்கும். பகல் முழுக்கக் காய்ந்து சுருங்கிப் போயிருக்கும் அது. அதனால் முதலில் மேலே ஒரு செம்பு தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றிக்கொண்டே கைப்பிடியைச் சின்னச் சின்னதாக, வேகமாக அடிக்க வேண்டும். கொர் கொர் என்று வெறும் காற்றுச் சத்தம் வரும். திடீரென்று கை கனக்கும். கனத்தால் தண்ணீர் பிடித்துவிட்டது என்று அர்த்தம், அப்புறம் விடாமல் அடிக்க வேண்டும், நடுவில் விட்டால் இறங்கிவிடும். முதல் குடம் துருவோடு வரும், அது வாசல் கழுவ. பம்பில் ஊற்றுவதற்கென்றே எங்கள் சமையல்கட்டு மூலையில் ஒரு செம்பு தண்ணீர் எப்போதும் மூடி வைத்திருக்கும். வீட்டில் குடிக்கச் சொட்டு இல்லாத நாளிலும் அந்தச் செம்பை யாரும் தொடக்கூடாது. ஒருமுறை விளையாடிவிட்டு வந்த அவசரத்தில் அதை எடுத்துக் குடித்துவிட்டேன். என்னை அடிக்கவே அடிக்காத அம்மா அன்றைக்கு அடித்தார்.

முறை வைத்துத்தான் பிடிப்பார்கள். ஒரு வீட்டுக்கு நாலு குடம், அப்புறம் அடுத்த வீடு, ஆறு வீடும் முடிந்தால் மறுபடி முதல் வீடு. யார் குடம் எது என்று தெரிய நெயில் பாலீஷ் பொட்டு வைத்திருப்பார்கள். ஒரு பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய பதினைந்து லிட்டர். அம்மா நல்ல நாளில் இருபது குடம் பிடிப்பார். முந்நூறு கிலோ. அந்த எடையை இடுப்பில் வைத்து, தூக்கம் கலையாத கண்ணோடு, ஈரத் தரையில் வழுக்காமல், கடைசிக் குடித்தனம் வரைக்கும் நடை. நடையாக நடந்துவிட்டு நாலரைக்கு அடுப்பு மூட்டுவார், அப்பாவுக்கு ஆறு மணி ஷிப்ட்.

அப்பா நல்ல மனிதர். அவர் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அத்தனை வருடத்தில் பம்படியில் அவரை நான் பார்த்ததில்லை. எந்த வீட்டு ஆணையும் பார்த்ததில்லை, பெரம்பூர் கேரேஜில், அதாவது ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ரயில்வே மாமா ஒருவரைத் தவிர. மாமிக்கு மூச்சிரைப்பு, அதனால் அவரே வந்து வரிசையில் குந்துவார். மற்ற ஆண்கள் அவரைக் கேலி செய்வார்கள். பெண்கள் அவருக்கு முதல் முறையைக் கொடுத்துவிடுவார்கள், "ஏழு மணிக்கு கேரேஜ்ல நிக்கணும், போய் படுங்க மாமா" என்று. நானும் போனதில்லை. என்னை யாரும் எழுப்பவில்லை. என்னைவிட மூன்றே வயது மூத்த அக்காவைப் பத்து வயதில் இருந்து எழுப்பினார்கள்.

2003-04 வறட்சியை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை காய்கிறது. மழை ஏமாற்றிவிட்டது, புழல் காய்ந்துவிட்டது, பம்பை எவ்வளவு அடித்தாலும் கை கனக்கவில்லை. லாரித் தண்ணீர்தான். தெருமுனைக் கறுப்பு டேங்கில் லாரி வந்து ஊற்றிவிட்டுப் போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. குடத்தை வரிசையில் விட்டால் திருடு போகும் என்று செங்கல், உடைந்த செருப்பு, கல் இதையெல்லாம் இடம் பிடிக்க வைப்பார்கள். அக்காவுக்கு அந்த மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. தெருவிளக்குக்கு அடியில் குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து கெமிஸ்ட்ரி படித்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கு ஒரு சாதாரணக் காட்சி. நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அதே வருடம் மூன்றாம் வீட்டு அத்தைக்குக் குழந்தை பிறந்தது. இருபதாம் நாள் குடம் தூக்க வந்துவிட்டார். அம்மாவும் மற்றவர்களும் திட்டித் திட்டி அனுப்புவார்கள், அவருக்குப் பதிலாக மாற்றி மாற்றி இரண்டு குடம் கொண்டுபோய் வைப்பார்கள், ஆனால் எத்தனை நாள் முடியும்? பின்னால் அவருக்குக் கர்ப்பப்பை இறங்கி அறுவை சிகிச்சை வரைக்கும் போனது. பிரசவமான உடம்போடு கனம் தூக்கியதும் ஒரு காரணம் என்று டாக்டர் சொன்னாராம். சித்தப்பாவின் நினைவுகளில் இந்த அத்தை நன்றாக ரசப்பொடி அரைப்பவராக மட்டும்தான் இருக்கிறார்.

சரி, கதவு விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரியில் கதவு பூட்டவில்லை என்றால் ஒருவர் மேல் ஒருவருக்கு அவ்வளவு நம்பிக்கை என்று சொல்கிறோம். நம்பிக்கை இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பூட்டாததற்குக் காரணம், இரண்டு மணியில் இருந்து நாலரை வரைக்கும் குடத்தோடு பெண்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். எந்தக் கையால் பூட்டுவது? பிள்ளைகள் எங்கே வேண்டுமானாலும் தூங்கினோம் என்பதும் அப்படித்தான். அம்மா முறைக்குப் போகும்போது விழித்து அழுகிற பிள்ளையை எந்த வீட்டில் ஆள் இருக்கிறதோ அங்கே தூக்கிப் போட்டுவிட்டுப் போவார். மாடியில் இருந்த ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி கட்டிலில் நான் எத்தனையோ விடியல் கண் விழித்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு அவர் கொடுக்கிற கல்கல் இனிப்பின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அந்தக் கட்டிலுக்கு நான் எப்படிப் போனேன் என்று நாற்பதை நெருங்கும் வயதில்தான் யோசிக்கிறேன்.

நாம் ஒற்றுமை என்று சொல்கிற அந்தப் பொருளை யாரோ தினமும் ராத்திரி எழுந்து இடுப்பில் சுமந்திருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நாம் தீர்ப்புச் சொல்லக்கூடாது. என் கருத்து இதுதான், இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

தண்ணீர் கணக்கு எழுதுகிறவர்களிடமும் எனக்கு இதே வருத்தம் உண்டு. 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது, எங்கள் வீட்டுக்காரரும் வாசலில் ஒரு குழி வெட்டினார். 2004-இல் வீராணம் தண்ணீர் வந்தது. 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன, ஒவ்வொன்றும் நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் தரக்கூடியவை. பெரிய வேலைகள், மறுக்கவில்லை. ஆனால் தட்டுப்பாடு என்று எழுதும்போது குறைந்த லிட்டரை மட்டும்தான் எழுதுகிறார்கள். அந்தக் குறைச்சலை எந்தப் பெண்ணின் தூக்கம் ஈடுகட்டியது என்பது எந்த அறிக்கையிலும் வருவதில்லை. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ஐம்பது வேகன் ரயிலில் இருபத்தைந்து லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்ததை டிவியில் காட்டினார்கள். நாங்கள் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா கேட்டது, "இது எந்தத் தெருவுக்குப் போகும்? ராத்திரி எத்தனை மணிக்கு விடுவாங்க?"

கிரகப்பிரவேசம் முடிந்த மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொளத்தூர் போனேன், மூன்றாம் வீட்டு அத்தையைப் பார்க்க. பார்த்து ஏழெட்டு வருடம் ஆகிறது. கட்டிக்கொண்டு அழுதார்கள். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, சண்டை ஆரம்பித்துவிட்டது. லாரித் தண்ணீர் காலத்தில் ஒரு நாள் அத்தையின் பச்சைக் குடத்தை அம்மா வரிசையில் பின்னால் தள்ளி வைத்தாராம்.

"நீதான் தள்ளுன. என் கண்ணால பாத்தேன்."

"உன் குடத்துல ரெண்டு பொட்டு. நான் தள்ளுனதுல பொட்டே இல்ல. அது தெருக்கோடி வீட்டுக் குடம்டி."

"பொட்டு அழிஞ்சி போயிருந்துச்சிக்கா!"

இருபது வருடத்துக்கு முந்தைய குடம். காபி ஆறிப் போனது. நான் போனில் பதிவு செய்துகொண்டே இருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். யாருக்குப் பிரசவ வலி பம்படியில் எடுத்தது, யார் வட்டிக்கு வாங்கியதைப் புருஷனிடம் சொல்லாமல் இவர்களிடம் மட்டும் சொன்னாள், யாருடைய பெண் காதலித்தவனோடு போக இவர்களில் யார் பஸ்சுக்குக் காசு கொடுத்தது. இதெல்லாம் எங்கள் வீட்டு ஆண்கள் யாருக்கும் இன்று வரை தெரியாத கதைகள். இடையில் நான்தான் மீன் குழம்பைப் பற்றிக் கேட்டேன். ஒரு வீட்டில் வைத்தால் ஆறு வீட்டுக்கும் கொடுப்பீர்களாமே, சித்தப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று.

அத்தை அம்மாவைப் பார்த்தார். அம்மா சிரித்தார்.

"அதுவாப்பா? அது தண்ணி வராத அன்னிக்கு. ஆறு வீட்லயும் இருக்கறத கொண்டாந்து ஒரே அண்டாவுல ஊத்திடுவோம். ஒரு வீட்ல மட்டும் அடுப்பு எரியும். மீனு கழுவுறதுக்கு எவ்ளோ தண்ணி புடிக்கும் தெரியுமா உனக்கு?"