நெருநல், துனி, துடும்

நாஸ்டால்ஜியா என்பது முதலில் ஒரு நோயின் பெயர். 1688-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் யோகானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டுக்காக உருவாக்கிய சொல் அது. ஊர் திரும்புதலுக்கான கிரேக்கச் சொல் ஒன்று, வலிக்கான கிரேக்கச் சொல் ஒன்று, இரண்டையும் சேர்த்து ஒட்டிவிட்டார். ஊரை விட்டு வந்து சாப்பாடு இறங்காமல், தூக்கம் பிடிக்காமல் இளைத்துப்போனவர்களைப் பார்த்து வைத்த பெயர். அதற்கு வைத்தியமும் எளிதுதான்: ஊருக்கே அனுப்பிவிடுவது.

அப்போது அதைக் கேட்டவர்களுக்கு வாயில் நுழையாத சொல்லாகத்தான் இருந்திருக்கும். இப்போது பழைய பாட்டு ஒன்று காதில் விழுந்தால் போதும், ஆளாளுக்கு அதைச் சொல்லிவிடுகிறோம். நோயும் மாறிவிட்டது. ஹோஃபரின் நோயாளிகளுக்குத் திரும்பிப்போக ஊர் என்று ஒன்று இருந்தது. நாம் ஏங்குவது காலத்துக்கு. அதற்கு யார் வண்டி பிடித்துத் தருவது? 1798-லேயே தத்துவவாதி கான்ட் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்: ஊர் திரும்பியவர்கள் ஏமாந்துபோகிறார்கள், ஏனென்றால் அவர்கள் உண்மையில் தேடியது தங்கள் இளமையை.

தமிழில் இதற்கு எனக்குப் பிடித்த தொடர் 'நனவிடை தோய்தல்'. ஈழத்து எழுத்தாளர் எஸ்.பொ. தன் நினைவுக் குறிப்புகளுக்கு வைத்த தலைப்பு. பலர் அதை 'நினைவிடை' என்று மாற்றி எழுதிவிடுகிறார்கள். பொருள் பொருந்துகிறதுதான், ஆனால் சுவாரசியம் போய்விடுகிறது. நனவு என்றால் கனவுக்கு எதிர்ப்பதம், விழித்திருக்கும் நிலை. பழையதை நினைத்துக்கொண்டிருப்பவனைக் 'கனவு காண்கிறான்' என்று நாம் கேலி செய்யும்போது, இந்தத் தொடர் அவன் முழு விழிப்பில் இருக்கிறான் என்கிறது. தோய்தலும் சும்மா நனைவதில்லை. உள்ளே இறங்கி ஊறுவது.

நனைவது என்றதும் புறநானூற்றின் 243-ஆம் பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு கிழவர். ஊன்றுகோல், நடுக்கம், இருமலுக்கு இடையிடையே நாலைந்து சொல். அவர் நினைத்துப் பார்ப்பது தான் நடத்திய போரையோ வாங்கிய பரிசையோ அல்ல. மருத மரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மிரள, ஆழமான நீரில் 'துடும்' என்று குதித்து, அடி மணலை அள்ளிக்கொண்டு மேலே வந்ததை. அவர் சொந்தப் பெயர் என்ன என்பது யாருக்கும் தெரியாது. பாட்டில் வரும் தடியை வைத்தே அவரைத் தொடித்தலை விழுத்தண்டினார் என்கிறோம். தொடி என்றால் வளையம், பூண். தலையில் பூண் போட்ட நல்ல தடி!

அந்தக் குதியல் போய்விட்டது, மரமும் போய்விட்டது. 'துடும்' மட்டும் அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் சத்தமாகச் சொன்னால் தண்ணீர் தெறிக்கிறது. பழைய சொற்கள்மீது எனக்குள்ள பிரியத்துக்கு இதுதான் காரணம். பழைய வீட்டுக்குத் திரும்பிப் போனால் அது சிறுத்திருக்கும். சொல் சிறுப்பதில்லை.

எனக்குக் கோபம் வருவது வேறொரு இடத்தில். பூவின் ஏழு பருவங்களுக்கு ஏழு பெயர் வைத்த மொழி என்று மாதம் ஒருமுறை ஒரு ஃபார்வர்டு வருகிறதே, அது. பட்டியலைப் பெருமையோடு அனுப்புகிறவர்களுக்கு எண்ணிக்கைதான் முக்கியம், சொல் அல்ல. அந்த ஏழில் கடைசியான 'செம்மல்' வாடிய பூவைக் குறிக்கிறது. அதே சொல்லுக்குப் பெருமை மிக்கவர், தலைவர் என்ற பொருளும் உண்டு. மேடையில் ஒருவருக்குச் செம்மல் என்று பட்டம் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு உதட்டோரம் சிரிப்பு வந்துவிடுகிறது. இந்தச் சின்னக் குறும்பைப் பெருமைப் பட்டியல் தராது.

அகராதி தரும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். இணையத்திலும் கிடைக்கிறது. ஆனால் தேடுபெட்டி கேட்டதை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுகிறது. தாளில் அப்படி இல்லை. துன்பத்தைத் தாண்டிக் கொஞ்சம் கீழே போனால் துனி, அதற்கும் கீழே விரைவு என்று பொருள்படும் துனை. நான் தேடிப் போன சொல்லை மறந்துவிட்டு எழுந்து வந்த நாட்கள் உண்டு. (ஆம், இதுவும் நாஸ்டால்ஜியாதான்.)

இப்படிக் கண்டெடுத்ததை எல்லாம் பேச்சில் தூவ வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். 'நெருநல் உன்னை அழைத்தேன், ஏன் எடுக்கவில்லை' என்று நண்பனிடம் கேட்டால் அடுத்த முறையும் எடுக்க மாட்டான். நெருநல் என்றால் வேறொன்றுமில்லை, நேற்று. ஆனால் மனசுக்குள் சொல்லிப் பாருங்கள், நேற்றைவிட நெருநல் கொஞ்சம் தள்ளி இருப்பதுபோல் இல்லையா?

சில சொற்கள் மட்டும் தானாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். திருக்குறளில் ஊடலுக்கு அளவு உண்டு. புலவி இளசு, துனி முற்றியது. ஒருநாள் சமையலறைப் பக்கம் நின்று, 'இது புலவியைத் தாண்டிவிட்டது, துனி' என்றேன். 'பேர் வைக்கிறதை விட்டுட்டு வேற வேலை இருந்தா பாருங்க' என்று பதில் வந்தது. அண்மையில் மனைவி தன் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்: 'அவர்கிட்ட இப்பக் கொடுக்க முடியாதுக்கா, காலையில இருந்து துனி.'