நைட்ரேட்டை ஜீரோ ஆக்காதீங்க

கடல்தண்ணி டேங்க்ல வளக்குற அக்ரோபோரா பவளத்துக்கு, தண்ணில நைட்ரேட், பாஸ்பேட் (மீன் கழிவு, தீனியிலேருந்து சேர்ற சத்துங்க) ரெண்டும் ஜீரோல இருக்கணும்னு ஒருத்தர் போட்டிருக்காரு, புதுசா டேங்க் வச்சவங்க தயவுசெஞ்சு இத செய்யாதீங்க. பவளத்துக்குள்ள இருக்குற ஜூசாந்தெல்லே பாசிதான் வெளிச்சத்துல சாப்பாடு செஞ்சு பவளத்துக்குக் குடுக்குது, அதுக்கே நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேணுமே, கெடைக்கலன்னா பவளம் வெளிறிப் போயிடும். கடல்லயும் கம்மிதானேன்னு கேப்பீங்க, ஆனா அங்க அலை ஓயாம மிதவையுயிரிகள கொண்டு வந்து ஊட்டுது, நம்ம டேங்க்ல ஸ்கிம்மர் (நுரை மூலமா கழிவப் பிரிக்கிற கருவி) அதுல ஒரு பங்க இழுத்துடுது. போதாததுக்கு ரெண்டும் ஜீரோவானா டைனோஃப்ளாஜெல்லேட்ங்கற நுண்ணுயிரி மணல் மேல பழுப்பா, கொழகொழன்னு படர ஆரம்பிக்கும், வந்துட்டா ஒழிக்கறது பெரும்பாடு. நைட்ரேட் 2-10 பிபிஎம் (பத்து லட்சத்துல இத்தன பங்கு), பாஸ்பேட் 0.03-0.1 பிபிஎம் இருக்கட்டும். ஏற்கெனவே ஜீரோல இருந்தா பாஸ்பேட்ட உறிஞ்சுற பாஸ்பேட் ரிமூவர எடுத்துட்டு மீனுக்குக் கொஞ்சம் கூடுதலா தீனி போடுங்க, ஆல்கலினிட்டிய (தண்ணி அமிலத்தச் சமாளிக்கிற திறன்) மட்டும் ஏத்தி எறக்காதீங்க.